பழைய ஜீப்பின் பெட்ரோல் வாயை சீட்டுக்கு அடியிலிருந்து வெளியே கொண்டுவரலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இப்படி வருகிறது. தாத்தா ராணுவ ஏலத்தில் எடுத்த 1944 வில்லிஸ் எம்பி ஜீப் பெங்களூர் அல்சூர் வீட்டில் நிற்கிறது. இடது பக்க ஸ்டியரிங், பழைய பாடி, ஒட்டுப் போடாத தகடு. மாதத்தில் இரண்டு ஞாயிறு நந்தி மலைப் பக்கம் ஓட்டிப் போகிறீர்கள். ஒவ்வொரு முறை பங்கில் நிறுத்தும்போதும் நீங்கள் இறங்கி, சீட் குஷனைத் தூக்கி, அடியில் இருக்கும் டேங்க் மூடியைத் திறக்க வேண்டும். கொஞ்சம் தவறினால் பெட்ரோல் தரையில் சிந்தும். வீடு வரும்வரை வாடை, பின்னால் குழந்தைகள் உட்கார மறுக்கிறார்கள். ஜே.சி. ரோட்டில் ஒரு மேஸ்திரி, "இடது பக்கம் ஒரு ஓட்டை, ஒரு துண்டு ரேடியேட்டர் ஹோஸ், ஒரு மூடி, ஒரே நாள் வேலை" என்கிறார். செய்யலாமா என்பது உங்கள் கேள்வி. அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது, நீங்கள் கடைசி வரியில் கேட்டது: "தாத்தா வண்டியில் ஓட்டை போட்டுவிட்டு அப்புறம் வருத்தப்படுவேனா?"

முதல் கேள்விக்குப் பதில்: செய்யலாம், ஆனால் அந்த மேஸ்திரி சொன்ன விதத்தில் கூடாது. இரண்டாவது கேள்விக்கு என் பதில் கொஞ்சம் நீளமானது. அதற்காகத்தான் உட்கார்ந்து இவ்வளவு எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. முதல் எட்டு வருஷம் ஓசூர் ரோட்டில் ஓர் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் எரிபொருள் டேங்க் பிரிவில் வேலை. அதற்குப் பிறகு லிங்கராஜபுரத்தில் சொந்த ஷெட், பெரும்பாலும் பழைய ஜீப்புகள். பெட்ரோல் வாயை இடம் மாற்றும் வேலையை இதுவரை ஒன்பது வண்டிகளில் செய்திருக்கிறேன். அதில் ஒன்றை நானே கெடுத்துத் திருப்பிச் செய்தேன், அந்தக் கதையையும் சொல்கிறேன். உங்கள் வண்டியை நான் பார்க்கவில்லை. அதனால் அளவு என்று நான் சொல்வதெல்லாம் உங்கள் டேங்கில் டேப் வைத்து அளந்த பிறகே உறுதியாகும்.

வாயை ஏன் சீட்டுக்கு அடியில் வைத்தார்கள் என்று யோசித்துவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது. இது போருக்காக வேகமாகவும் எளிமையாகவும் கட்டப்பட்ட வண்டி. டிரைவர் சீட்டுக்கு அடியில் தரைத் தகட்டில் ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்தில் 15 அமெரிக்க கேலன், அதாவது சுமார் 57 லிட்டர் டேங்க், நேராக அதன் தலையில் மூடி. நடுவில் குழாய் இல்லை, ஹோஸ் இல்லை, ஒழுகுவதற்கு இணைப்பு இல்லை. களத்தில் பங்க் கிடையாது, 20 லிட்டர் ஜெர்ரி கேனைத் தூக்கி ஊற்றுவார்கள். முதலில் வந்த டேங்குகளில் வாய் சின்னது, பின்னால் அதை அகலப்படுத்தினார்கள். அகலமான வாயில் மேலிருந்து கேனில் ஊற்றும்போது காற்று பக்கத்திலேயே வெளியேறிவிடும். வெளிப்பக்கமோ காலி இல்லை. இடது புறம் கோடரியும் மண்வெட்டியும் பட்டையில் கட்டியிருக்கும். உங்கள் வண்டியில் அந்தப் பட்டைக் கொக்கிகள் இன்னும் இருந்தால், மேஸ்திரி ஓட்டை போட நினைக்கும் இடத்துக்கு ரொம்பப் பக்கத்தில்தான் இருக்கும். போய்ப் பாருங்கள்.

இதே கம்பெனி 1945-ல் சாதாரண மக்களுக்காக சிஜே-2ஏ என்ற மாடலைக் கொண்டுவந்தபோது செய்த மாற்றங்களில் ஒன்று, பெட்ரோல் மூடியை பாடிக்கு வெளியே கொண்டுவந்தது. டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே இருந்தது, வாய் மட்டும் வெளியே வந்தது. ஆக உங்கள் ஆசையில் தவறு ஒன்றும் இல்லை. வண்டியைக் கட்டியவர்களே, விவசாயியும் கடைக்காரரும் ஓட்டப் போகிறார்கள் என்றதும் அதைத்தான் செய்தார்கள். ஆனால் அவர்கள் பழைய டேங்கில் ஹோஸ் மாட்டவில்லை, வெளியே வரும் வாய்க்கு ஏற்ற டேங்கையே செய்தார்கள். உங்கள் மேஸ்திரி சொல்வதற்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம்.

மூடி இருக்கும் இடத்தை மட்டும் மாற்றுகிறோம் என்று நினைத்தால் வேலை கெடும். ஒரு டேங்குக்குள் ஒரு லிட்டர் பெட்ரோல் போனால் அங்கிருந்து ஒரு லிட்டர் காற்று வெளியே வந்தாக வேண்டும். தலைக்கு மேல் அகலமான வாய் இருந்தால் இது தானாக நடக்கும். அதையே ஒரு முழம் குழாயாக்கி வளைத்துவிட்டால், உள்ளே போகும் பெட்ரோலும் வெளியே வரும் காற்றும் ஒரே சந்தில் முட்டிக்கொள்ளும். பாட்டிலைக் கவிழ்த்தால் தண்ணீர் குபுக் குபுக்கென்று வருவது இதனால்தான். பங்கில் நாசில் நிமிடத்துக்குச் சுமார் 40 லிட்டர் வரை தள்ளும். அந்த வேகத்தில் குபுக்கினால் பெட்ரோல் உங்கள் மேலேதான் வரும். அதனால் வாய்க்குழாயோடு கூடவே காற்றுக்கென்று தனிக் குழாய் வேண்டும். டேங்கின் மேல்பகுதியில் தொடங்கி, மேலே மூடிக்குக் கொஞ்சம் கீழே வந்து சேர வேண்டும். எவ்வளவு பருமன் என்று பலர் கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 40 லிட்டர் என்றால் வினாடிக்கு 660 மில்லிக்கு மேல் காற்று வெளியேற வேண்டும். 8 மில்லிமீட்டர் உள்விட்டக் குழாயில் அந்தக் காற்று வினாடிக்கு 13 மீட்டர் வேகத்தில் சீறும், கூடவே பெட்ரோல் துளியையும் இழுத்துவரும். 16 மில்லிமீட்டர் என்றால் வேகம் மூன்றரை மீட்டருக்குள் அடங்கும். நான் 16-க்குக் குறைத்துப் போடுவதில்லை. மேஸ்திரி சொன்ன பட்டியலில் இந்தக் குழாயே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

நாசில் தானாக நிற்பது எப்படி என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் நுனியில் ஒரு சின்னத் துளை இருக்கும். பெட்ரோல் ஓடும்போது அந்தத் துளை வழியாகக் காற்று உறிஞ்சப்பட்டுக்கொண்டே இருக்கும். பெட்ரோல் ஏறி வந்து துளையை அடைத்தவுடன் உள்ளே அழுத்தம் மாறி, வால்வு டக்கென்று விழும். டேங்க் நிறைந்ததா இல்லையா என்று நாசிலுக்குத் தெரியாது, தன் நுனி நனைந்ததா என்பது மட்டும்தான் தெரியும். குழாய் தப்பான வளைவில் இருந்தால், டேங்க் பாதி காலியாக இருக்கும்போதே பெட்ரோல் வளைவில் முட்டித் திரும்பி நுனியை நனைத்துவிடும்.

நான் கெடுத்த வண்டியில் நடந்தது இதுதான். ஷெட் ஆரம்பித்த இரண்டாம் வருஷம். பின் சக்கரக் கவசத்தின் மேல் வாயை வைத்தால் பார்க்க அழகாக இருக்கும் என்று வாடிக்கையாளர் ஆசைப்பட்டார், நானும் தலையாட்டினேன். குழாய் அங்கிருந்து கீழே இறங்கி, சீட் சட்டத்துக்கு அடியில் கொஞ்சம் தாழ்ந்து, மறுபடி ஏறி டேங்குக்குள் போனது. தாழ்வு இரண்டு விரல் அளவுதான். பங்கில் ஒவ்வொரு இரண்டு லிட்டருக்கும் டக், டக் என்று நின்றது. பங்க் பையன் பொறுமையிழந்து அழுத்திப் பிடித்தான், வாடிக்கையாளரின் சட்டை முழுக்க நனைந்தது. பக்கத்தில் இன்ஜின் அணைக்காத ஓர் ஆட்டோ. ஒன்றும் ஆகவில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் அவரைக் கூப்பிட்டு, செலவு என்னுடையது என்று சொல்லி, குழாயை முழுக்கக் கழற்றினேன். அன்றிலிருந்து ஒரே விதி: மூடியிலிருந்து டேங்க் வரை குழாய் முழுக்க இறங்கிக்கொண்டே போக வேண்டும். ஒரு விரல் கடை தாழ்வுகூட நடுவில் இருக்கக் கூடாது. மூடிக்கு உள்ளே நாசில் நுழையும் முதல் சாண் நேராக இருக்க வேண்டும். முதல் வளைவு அதற்குப் பிறகுதான், அதுவும் மெதுவான வளைவு. உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் வளையும் ஹோஸ் வேண்டாம். ஒவ்வொரு மடிப்பிலும் பெட்ரோல் மோதிச் சுழலும், தேங்கும்.

இன்னொன்று, பெரும்பாலோர் நினைத்தே பார்க்காதது. பங்கில் பெட்ரோல் பூமிக்கடியில் குளிர்ந்த தொட்டியில் இருக்கிறது. உங்கள் டேங்க் மத்தியான வெயிலில் சூடாகும். பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு விரியும். 57 லிட்டர் முழுக்க நிரப்பி 15 டிகிரி சூடேறினால் முக்கால் லிட்டருக்கு மேல் கூடுதலாக இடம் கேட்கும். பழைய அமைப்பில் நிரம்புவது கண்ணுக்கு நேராகத் தெரியும், கொஞ்சம் குறைத்து நிறுத்திக்கொள்வோம். புது வாய் டேங்கைவிட உயரத்தில் இருப்பதால் டேங்க் முழுக்க நிறைந்து குழாயிலும் நிற்கும், விரிய இடமே இருக்காது. இதற்கு வழி எளிது. காற்றுக் குழாயின் கீழ் நுனியை டேங்கின் கூரையோடு சமமாக விடாமல், கொஞ்சம் உள்ளே தொங்க விட வேண்டும். பெட்ரோல் அந்த நுனியைத் தொட்டதும் காற்று வெளியேற வழி அடைபடும், குழாயில் பெட்ரோல் ஏறும், நாசில் நிற்கும். மேலே ஒரு படலம் காற்று மிச்சமிருக்கும். எத்தனை மில்லிமீட்டர் தொங்க வேண்டும் என்பது டேங்கின் மேற்பரப்பைப் பொறுத்தது. உங்கள் டேங்கை அளந்து, மொத்தக் கொள்ளளவில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு காற்று மிஞ்சும்படி கணக்கிட்டு வைக்கச் சொல்லுங்கள். இந்தச் சின்னக் காற்று அறைக்குத் தனியாக ஒரு மெல்லிய மூச்சுக்குழாய் வேண்டும், இல்லையென்றால் சூட்டில் அழுத்தம் ஏறும்.

வண்டி சாய்ந்தால் என்ன ஆகும் என்பது அடுத்தது. கரடுமுரடான பாதையில் 30 டிகிரி இடது பக்கம் சாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். புது வாய் டேங்கின் உள் விளிம்பிலிருந்து 50 சென்டிமீட்டர் வெளியே, டேங்க் கூரைக்கு 15 சென்டிமீட்டர் மேலே இருந்தால், அந்தச் சாய்வில் வாய், நிறைந்த டேங்கின் உயர்ந்த மூலையைவிட 12 சென்டிமீட்டர் தாழ்ந்துவிடும். அதாவது மூடிதான் முழு பெட்ரோலையும் தாங்க வேண்டும். ஆகவே மூடியின் வாஷர் உறுதியாக அடைக்க வேண்டும், காற்று போய்வரும் சின்ன ஓட்டை போட்ட பழைய வகை மூடி இங்கே ஆகாது. அதே சமயம் முழுக்க அடைத்த மூடி போட்டு வேறு காற்று வழியும் இல்லையென்றால், இன்ஜின் பெட்ரோலை உறிஞ்ச உறிஞ்ச டேங்கில் வெற்றிடம் உண்டாகி வண்டி திக்கித் திக்கி நிற்கும். அடைத்த மூடி, மூச்சுக்குழாயில் வண்டி கவிழ்ந்தால் தானாக அடைபடும் வால்வு, அந்தக் குழாயைப் பாடியின் உயரமான இடம்வரை கொண்டுபோய் வளைத்து வெளியே விடுவது, இந்த மூன்றும் சேர்ந்து வர வேண்டும். இந்த வால்வு இப்போதைய கார்களில் எல்லாம் இருப்பதுதான், ஜே.சி. ரோட்டிலேயே கிடைக்கும். சிவாஜிநகர் குஜிரியில், அதாவது பழைய சாமான் கடையில், பழையது வாங்காதீர்கள். இரும்பு பிராக்கெட், கொக்கி, மண்வெட்டிப் பட்டை எல்லாம் குஜிரியில் தாராளமாகத் தேடுங்கள், நானும் அங்கேதான் தேடுவேன். ரப்பரும் வால்வும் மட்டும் புதிது.

ரேடியேட்டர் ஹோஸ் பற்றி. தயவுசெய்து வேண்டாம். இப்போது வரும் ரேடியேட்டர் ஹோஸ் பெரும்பாலும் இபிடிஎம் என்ற ரப்பர். சுடுதண்ணீருக்கு அருமையானது, பெட்ரோல் பட்டால் ஊறி, உப்பி, மாவாகும். மாட்டிய அன்று கச்சிதமாக இருக்கும், சில மாதத்தில் கிளாம்புக்கு அடியில் கசியும். அந்தக் கசிவு உங்கள் சீட்டுக்கு அடியில். நீல நிற சிலிகான் ஹோஸும் வேண்டாம், பெட்ரோல் ஆவி அதன் சுவர் வழியாகவே ஊறி வெளியே வரும். 2023 பிப்ரவரி 6 அன்று நம் பெங்களூரில்தான் இ20 பெட்ரோலை அறிமுகம் செய்தார்கள், நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால். இன்று நீங்கள் பங்கில் போடுவது அநேகமாக அதுதான். எத்தனால் பழைய ரப்பரையும் தக்கை கேஸ்கெட்டையும் சீக்கிரம் கெடுக்கும், காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், துத்தநாகப் பூச்சை அரிக்கும். எனவே துத்தநாகம் பூசிய ஜிஐ குழாய் வேண்டாம், 304 ரக ஸ்டெயின்லெஸ் குழாய் போடுங்கள். ஹோஸ் துண்டு எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு குட்டையாக, உள்பூச்சு எஃப்கேஎம் என்ற, பெட்ரோலும் எத்தனாலும் தாங்கும் ரப்பர் உள்ள எரிபொருள் ஹோஸாக இருக்கட்டும். குழாய் முனைகளில் ஹோஸ் நழுவாதபடி சுற்றி ஒரு மேடு அடித்திருக்க வேண்டும். சாதாரண சிலிகான் பேஸ்ட் பூசி ஒழுக்கை அடைக்கிறேன் என்று யாராவது சொன்னால் விட வேண்டாம், அது பெட்ரோலில் நிற்காது.

ரப்பர் ஹோஸ் நடுவில் வந்ததும் வேறொரு பிரச்சினை முளைக்கும். பழைய அமைப்பில் வாய், டேங்க், பாடி எல்லாம் ஒரே இரும்பு. இப்போது வாய்க்குழாய் மூடிப் பக்கம் ரப்பர் வளையத்திலும் டேங்க் பக்கம் ரப்பர் ஹோஸிலும் உட்கார்ந்தால், மின்சாரத் தொடர்பு இல்லாமல் தனித்து நிற்கும். பெட்ரோல் வேகமாக ஓடும்போது உண்டாகும் நிலைமின்சாரம் அதில் சேரும், நாசில் தொடும் இடத்தில் ஒரு பொறி போதும். வாய்க்குழாயிலிருந்து டேங்குக்கும் பாடிக்கும் ஒரு பின்னல் செம்புக் கம்பியை போல்ட் வைத்து இறுக்க வேண்டும். நூறு ரூபாய் வேலை. முடிந்ததும் மல்டிமீட்டரில் மூடி விளிம்புக்கும் சேஸிஸுக்கும் இடையே அளந்து பாருங்கள், ஒரு ஓமுக்குள் இருக்க வேண்டும். ஒன்பது வண்டியிலும் இதை நானே அளந்தேன், பையன்களிடம் விடவில்லை.

நீங்கள் சொன்ன வாடை பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், வாயை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் இது பொருந்தும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே பறக்காது, தொட்டி மாதிரி இருக்கும் ஜீப் தரையில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரை பங்கு சேர்ந்தாலே பற்றும். மைனஸ் 40 டிகிரியிலும் பற்றக்கூடிய ஆவி எழும்பும் பொருள் இது. டேங்க் உட்காரும் பள்ளத்தின் அடியில் ஒரு வடிகால் துளை இருக்கும். பல வண்டிகளில் அதைத் துரு அடைத்திருக்கும், அல்லது பெயின்ட் அடிக்கும்போது புட்டி போட்டு மூடியிருப்பார்கள். உங்களுடையது திறந்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பாதி வாடை அங்கேயே தீரலாம்.

இனிச் சொல்வதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். டேங்கில் புதுக் குழாயைப் பற்றவைக்க வேண்டும் என்றால் பெட்ரோல் பார்த்த பழைய டேங்கில் யாரும் நெருப்பு வைக்கக் கூடாது. முழு டேங்கைவிட காலி டேங்க் ஆபத்து, ஏனென்றால் பெட்ரோல் தனியாக வெடிக்காது, ஆவியும் காற்றும் கலந்தால்தான் வெடிக்கும், காலி டேங்க் முழுக்க அந்தக் கலவைதான். சோப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் வைத்துவிட்டேன் என்பார்கள். தகட்டு மடிப்பிலும் துருவிலும் ஊறியிருப்பது சூடு பட்டதும் மறுபடி ஆவியாகும். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரியின் இடது கையில் மூன்று விரல் கிடையாது. எப்படிப் போயின என்று முதல் நாளே சொன்னார், இரண்டாவது முறை சொல்லத் தேவைப்படவில்லை. பழைய டேங்கைக் கழற்றித் துடைத்துப் பத்திரமாக எடுத்து வையுங்கள். சிஜே மாதிரி பக்கவாட்டு வாய் கொண்ட புது டேங்கைப் பெட்ரோல் படாத தகட்டில் செய்துகொள்ளுங்கள். அதே போல பாடியை வெட்டும்போதும் டேங்க் வண்டியில் இருக்கக் கூடாது, கிரைண்டர் தீப்பொறி பத்தடி பறக்கும். வட்டமாக ஓட்டை போடும் ஹோல் சா ரம்பத்தை வைத்து மெதுவாக வெட்டலாம். வெட்டிய விளிம்புக்குப் பின்னால் இரண்டாவது தகடு ஒன்றை வைத்து வலுப்படுத்தாவிட்டால் அந்த இடத்திலிருந்து விரிசல் ஓடும்.

சட்டப் பக்கம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 சொல்வது, ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது. பெட்ரோல் மூடி எங்கே என்று ஆர்சியில் எழுதுவதில்லை. அந்த அளவில் பயப்பட வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் வண்டிக்குக் கவனிக்க வேண்டியது வேறு. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய வண்டி, மூல வடிவத்தில் பராமரிக்கப்பட்டிருந்தால், விஏ என்ற எழுத்துகளோடு தனி எண் வாங்கலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. அதில் ஒரு நிபந்தனை: சேஸிஸ், பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. பக்கவாட்டில் ஒரு துளை பெரிய மாற்றமா சின்ன மாற்றமா என்பது வண்டியைப் பார்வையிடும் குழு முடிவு செய்வது. நான் ஆமென்றோ இல்லையென்றோ சொன்னால் அது வெறும் ஊகம். அந்தப் பதிவில் வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது, கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது மாதிரி காரியங்களுக்கு மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நந்தி மலை ஞாயிறுகள் முக்கியமா, விஏ எண் முக்கியமா என்று வீட்டில் பேசி முடிவெடுத்த பிறகு மேஸ்திரியிடம் போங்கள்.

நான் என்ன செய்வேன் என்று கேட்டால், உங்கள் வண்டியில் வெட்ட மாட்டேன். போர்க்கால ஜீப்புகளில் பெரும்பாலானவை எண்பது வருஷத்தில் டீசல் இன்ஜின் ஏற்றி, பின்பக்கம் நீட்டி, மஹிந்திரா பாடி மாட்டி, அடையாளமே தெரியாமல் போய்விட்டன. ஒட்டுப் போடாத இடது பக்கத் தகடு என்று நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், அதைப் படித்ததும் இரண்டு முறை திரும்பிப் படித்தேன். என் ஷெட்டுக்கு வரும் வண்டிகளில் அது அபூர்வம். உங்களுக்குத் தொல்லை தருவது மூன்று: இறங்க வேண்டும், சிந்துகிறது, நாறுகிறது. இறங்குவதைத் தவிர மற்ற இரண்டும் வெட்டாமலே தீரும். மூடியின் வாஷரை எத்தனால் தாங்கும் ரப்பரில் புதிதாகப் போடுங்கள். டேங்கில் பெட்ரோல் அளவைக் காட்டும் கேஜ் யூனிட்டின் கேஸ்கெட்டையும் மாற்றுங்கள், பழைய தக்கையாக இருந்தால் வாடைக்கு அதுதான் காரணமாக இருக்கலாம். பள்ளத்தின் வடிகாலைத் திறந்துவிடுங்கள். வாயைச் சுற்றித் தரையில் உட்காரும்படி ஓரம் தூக்கிய ஒரு தகட்டுத் தட்டு செய்து, அதன் வடிகாலைப் பள்ளத்துக்குள் விடுங்கள். சிந்தினாலும் காலடிக்கு வராது. இதையெல்லாம் வேண்டாம் என்றால் ஒரு மணி நேரத்தில் கழற்றிவிடலாம், ஒரு துளைகூடப் போடத் தேவையில்லை. பங்கில் எல்லோரையும் இறக்கிவிட்டு நீங்களே நாசிலைப் பிடித்து, பாதி வேகத்தில் ஊற்றுங்கள். டேங்கை முழுக்க நிரப்பாமல் 45 லிட்டரோடு நிறுத்துங்கள். நந்தி மலை போய்வர அதில் பாதிகூட வேண்டாம்.

இத்தனையும் செய்து இரண்டு மூன்று மாதம் ஓட்டிய பிறகும் வாய் வெளியே வந்தே ஆக வேண்டும் என்று தோன்றினால், அது நியாயமான முடிவுதான், உங்கள் வண்டி. அப்போதும் இடது பக்கத்திலேயே வைக்கலாம். நம் ஊரில் இடது ஓரம் போகிறோம், நெடுஞ்சாலையில் கேனிலிருந்து ஊற்ற நேர்ந்தால் லாரி போகாத பக்கம் நிற்பீர்கள். சைலன்சர் எந்தப் பக்கம் எங்கே முடிகிறது என்று பார்த்து, வழிந்தால் அதன் மேல் சொட்டாத இடமாகத் தேர்ந்தெடுங்கள். மூடி பாடிக்கு வெளியே துருத்தாமல், ஒரு கிண்ணத்துக்குள் பதிந்து இருக்கட்டும், கிண்ணத்துக்குத் தனி வடிகால் வேண்டும். முதலில் அட்டையிலும் பிவிசி குழாயிலும் முழு அமைப்பையும் வண்டியில் கட்டிப் பார்த்து, பக்கெட்டில் தண்ணீர் ஊற்றிச் சோதியுங்கள். பங்க் நாசில் வேகத்தில் ஒரு பக்கெட் தண்ணீர் குபுக்காமல் உள்ளே போனால் குழாய் வளைவு சரி. அதுவரை தகட்டில் பென்சில் கோடு மட்டும் போடுங்கள். டேங்கின் நீள அகலம், வாயிலிருந்து இடது தகட்டுக்கு உள்ள தூரம், சீட் சட்டத்தின் உயரம் இந்த நான்கு அளவையும் இங்கே எழுதுங்கள். காற்றுக் குழாய் எவ்வளவு தொங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.